தட்டும் இல்லை, கரண்டியும் இல்லை: ஜான் பன்யன் வீட்டுக்கு வந்த புத்தகங்கள்

விசுவாசத்தில் சோர்ந்துபோனவருக்கும் வீட்டில் சமாதானம் இல்லாதவருக்கும் நம் சபைகளில் உடனே கிடைக்கும் ஆலோசனை, "இந்தப் புத்தகத்தை வாசிச்சுப் பாருங்க" என்பது. கல்யாணத்துக்கு ஒன்று, திடப்படுத்தலுக்கு ஒன்று, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு ஒன்று என்று கிறிஸ்தவப் புத்தகங்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கொடுத்த புத்தகம் அந்த வீட்டில் என்ன செய்தது என்று அப்புறம் யாரும் போய்க் கேட்பதில்லை. கேட்டாலும் "நல்லா இருந்துச்சு ஐயா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கொஞ்சம் விவரமாகவே தெரிந்த வீடு ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்து, பின்னாளில் மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பன்யனின் வீடு. என்ன புத்தகம் வந்தது, யாரோடு வாசித்தார், எது தேற்றியது, எது கெடுத்தது என்பதையெல்லாம் அவரே 1666இல் அச்சான தன் சாட்சி நூலில் எழுதிவைத்திருக்கிறார். சாட்சி சொல்பவர்கள் பழைய வாழ்க்கையை இருந்ததைவிடக் கொஞ்சம் கறுப்பாகக் காட்டுவது வழக்கம்தான், பன்யனும் அதற்கு விலக்கு இல்லை. ஆனால் தன்னை நொறுக்கிய புத்தகத்தையும் பலன் தராத புத்தகத்தையும் மறைக்காமல் சொல்லியிருப்பதால் இந்த வீட்டை எடுத்துக்கொண்டேன்.

வீடு அமைந்த விதம்

பெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் எல்ஸ்டோ என்ற கிராமத்தில் 1628இல் பிறந்தார். எழுதப் படிக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள்; படித்ததில் பெரும்பகுதியைச் சீக்கிரமே மறந்துவிட்டதாக அவரே சொல்கிறார். 1644 ஜூனில் அம்மா இறந்தார். அடுத்த மாதமே தங்கை. அப்பா காலம் தாழ்த்தாமல் வேறு கல்யாணம் செய்துகொண்டார். பதினாறு வயதுப் பையன் உள்நாட்டுப் போரில் பாராளுமன்றப் படைக்குப் போனான். திரும்பி வந்து இருபது வயதுவாக்கில் கல்யாணம்.

அந்தப் பெண்ணின் பெயரை பன்யன் எங்கும் எழுதவில்லை. தட்டு, கரண்டி என்றுகூட ஒரு சாமான் இல்லாத ஏழைகளாகத்தான் இருவரும் ஒன்றுசேர்ந்தோம் என்கிறார். மனைவி கொண்டுவந்தது இறந்துபோன தன் அப்பா விட்டுச்சென்ற இரண்டு புத்தகங்கள். சீர்வரிசை அவ்வளவுதான்.

ஒன்று, ஆர்தர் டென்ட் என்ற போதகர் 1601இல் வெளியிட்டது. நான்கு பேர் உட்கார்ந்து பேசும் உரையாடல்: ஒருவர் போதகர், ஒருவர் நல்ல விசுவாசி, ஒருவர் ஒன்றும் தெரியாதவர், நான்காமவர் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுபவர். எளிய ஜனங்களுக்குப் பரலோக வழி சொல்லுவதுதான் நோக்கம். இன்னொன்று, வேல்ஸ் நாட்டில் பேங்கர் பேராயராக இருந்த லூயிஸ் பெய்லி எழுதிய பக்திநூல். காலை ஜெபம், மாலை ஜெபம், குடும்பமாகச் சேர்ந்து செய்யும் ஜெபம், வியாதியில் தியானிக்க வேண்டியவை என்று அன்றாடத்துக்கான எல்லாம் அதில் இருக்கும். நம் வீடுகளில் அனுதின தியானப் புத்தகத்துக்கு உள்ள இடம் அந்தக் காலத்து இங்கிலாந்தில் இதற்கு இருந்தது. 1665இல் ஜான் எலியட் அதை அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பழங்குடி மொழியில்கூடப் பெயர்த்து அச்சிட்டார்.

முதல் பலன்

இரண்டையும் சில நேரங்களில் மனைவியோடு சேர்ந்து வாசிப்பாராம். மனதுக்குப் பிடித்த சில காரியங்கள் இருந்தன, ஆனால் உள்ளே எதுவும் குத்தவில்லை என்கிறார். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு விஷயத்தையும் எழுதுகிறார், பலர் இதைக் கவனிப்பதில்லை. மனைவி அடிக்கடி தன் அப்பாவைப் பற்றிப் பேசுவார். எவ்வளவு பக்தியுள்ள மனிதர், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் தப்பு நடந்தால் எப்படிக் கண்டிப்பார், சொல்லிலும் செயலிலும் எப்படிச் சுத்தமாக நடந்தார் என்று. புத்தகங்களும் இந்தப் பேச்சும் சேர்ந்துதான் பக்தியின்மேல் ஓர் ஆசையை உண்டாக்கின.

மாமனாரை பன்யன் பார்த்தாரா என்பதற்குக் குறிப்பு இல்லை. ஆனாலும் அவர் வாசித்த ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் அந்த மனிதர் நின்றார். புத்தகம் சொன்னபடி ஒருவர் வாழ்ந்திருக்கிறார் என்பதற்கு மகளே சாட்சி.

சரி, என்ன மாறியது? ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் கோயிலுக்குப் போனார். குருவானவர், அவருடைய அங்கி, பீடம் என்று கோயிலில் கண்ட எல்லாவற்றின்மேலும் அளவுகடந்த பயபக்தி வந்தது. பிறகு அதை மூடபக்தி என்று அவரே கேலி செய்கிறார். ஞாயிறு மத்தியானம் ஆனால் ஊர்ப் பொதுவெளியில் நம்மூர்க் கிட்டிப்புள் மாதிரியான ஆட்டம் வழக்கம்போல நடந்தது. ஒரு நாள் புள்ளை ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி அடிக்கப் போகும்போது, பாவத்தை விட்டுப் பரலோகம் போகிறாயா, பாவத்தோடு நரகம் போகிறாயா என்று வானத்திலிருந்து ஒரு குரல் உள்ளத்தில் பாய்ந்ததாக எழுதுகிறார். திகைத்து நின்றார். எப்படியும் எனக்கு மன்னிப்பு இல்லை, கொஞ்சப் பாவத்துக்குத் தண்டனை வாங்குவதற்கு நிறையவே செய்துவிட்டுப் போவோம் என்று முடிவுகட்டி ஆட்டத்தைத் தொடர்ந்தார்!

கெட்ட வார்த்தை பேசுகிற பழக்கத்தை விட்ட கதை இன்னும் சுவாரஸ்யம். அதை அந்த இரண்டு புத்தகங்களும் சாதிக்கவில்லை. பக்கத்துக் கடை ஜன்னலோரம் நின்று வழக்கம்போல வாய்க்கு வந்தபடி சபித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே இருந்த ஒரு பெண் அதட்டினார்: நீ பேசுவதைக் கேட்டு எனக்கே நடுங்குகிறது, ஊர்ப் பையன்களையெல்லாம் நீ கெடுத்துவிடுவாய் என்று. அந்தப் பெண்ணுக்கே ஊரில் நல்ல பெயர் கிடையாது. பன்யன் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். மறுபடியும் சின்னப் பிள்ளையாகிவிட்டால், இப்படிக் கெட்ட வார்த்தை இல்லாமல் பேச அப்பா எனக்குக் கற்றுத் தரலாமே என்று அப்போது ஏங்கினாராம். அதோடு அந்தப் பழக்கம் நின்றது.

ஊர் அசந்துபோனது. அந்தக் கட்டத்தில் யாராவது போய் விசாரித்திருந்தால், மனைவி கொண்டுவந்த புத்தகங்களால் புருஷன் திருந்திவிட்டான் என்றுதான் அறிக்கை எழுதியிருப்பார்கள். பன்யனோ அந்த நாட்களைப் பற்றி எழுதும்போது தன்னை வர்ணம் பூசிய மாய்மாலக்காரன் என்கிறார். இன்றைக்கும் ஒரு புத்தகத்தின் பலனை நாம் கணக்கிடுவது இந்த இடத்தில்தான்: கூட்டத்துக்கு வருகிறார், குடிக்கவில்லை, ஜெபிக்கிறார். கணக்கை அதோடு முடித்துவிடுகிறோம்.

வாசலில் இருந்த பெண்கள்

பாத்திரம் அடைக்க பெட்ஃபோர்டு தெருக்களில் திரிந்த ஒரு நாள், வெயிலில் ஒரு வாசலில் மூன்று நான்கு ஏழைப் பெண்கள் உட்கார்ந்து தேவனுடைய காரியங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பன்யன் அதற்குள் பக்தியைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்தவர். நாமும் கலந்துகொள்ளலாம் என்று பக்கத்தில் போனார். ஒன்றும் புரியவில்லை. மறுபிறப்பைப் பற்றி, தங்கள் உள்ளத்தின் பொல்லாப்பைப் பற்றி, எந்த வசனம் தங்களைத் தாங்கியது என்பதைப் பற்றிப் பேசினார்கள். சந்தோஷமே அவர்களைப் பேசவைத்தது போல இருந்தது என்கிறார்.

திரும்பத் திரும்ப அங்கே போனார். அவர்கள் தங்கள் போதகர் ஜான் கிஃபோர்டிடம் இவரைப் பற்றிச் சொன்னார்கள். கிஃபோர்டு முன்பு அரசர் தரப்புப் படையில் மேஜராக இருந்தவர், மோசமாக வாழ்ந்து மனம் திரும்பியவர். தன் வீட்டுக்கு வரச் சொல்லி, மற்றவர்களோடு தான் பேசுவதைக் கேட்கவைத்தார். வேதாகமம் பன்யனுக்குப் புதுப் புத்தகமானது அந்தப் பெண்களின் பேச்சைக் கேட்ட பிறகுதான்.

இந்த வரிசைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். புத்தகத்தை வாசித்துவிட்டு மனிதர்களிடம் போகவில்லை. மனிதர்களைக் கேட்டுவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினார்.

ஒரு மருந்து, ஒரு உப்பு

அடுத்து வந்த புத்தகம், கலாத்தியர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய விளக்கவுரை. 1575இல் ஆங்கிலத்தில் வந்தது. பன்யன் கையில் சிக்கிய பிரதி, பக்கத்தைப் புரட்டினாலே உதிர்ந்துவிடும் அளவுக்குப் பழசு. அது கிடைப்பதற்கு முன் அவருக்கு ஒரு ஆசை இருந்தது: பல நூறு வருஷங்களுக்கு முன் வாழ்ந்த ஒரு தேவமனிதரின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். காரணம், தன் காலத்து எழுத்தாளர்கள் மற்றவர்கள் உணர்ந்ததைத்தான் எழுதுகிறார்கள், தாங்களே ஆழத்தில் இறங்கிப் பார்க்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. லூத்தரை வாசித்ததும், என் உள்ளத்திலிருந்தே எழுதியது போல இருக்கிறதே என்று வியந்தார். காயப்பட்ட மனச்சாட்சிக்கு, வேதாகமம் தவிர, தான் பார்த்த எல்லாப் புத்தகங்களையும்விட இதுவே ஏற்றது என்று எழுதிவைத்தார்.

பிரசங்கத்தில் சொல்வதானால் இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் நடந்தது வேறு. லூத்தரை வாசித்ததற்குப் பிறகுதான் அவருடைய மிகக் கொடிய காலம் ஆரம்பித்தது. கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்று சாப்பாட்டிலும் வேலையிலும் ஒரு சோதனை ஒரு வருஷம் விரட்டியது. கடைசியில் களைத்துப்போய், அவர் விரும்பினால் போகட்டும் என்று மனதில் விட்டுக்கொடுத்தார். அதன்பின் எபிரெயர் 12ஆம் அதிகாரத்தின் ஏசா, சேஷ்டபுத்திரபாகத்தை விற்று, கண்ணீரோடு தேடியும் கிடைக்காதவன், அவரை விடவே இல்லை.

இந்த நிலைமையில்தான் பிரான்சிஸ் ஸ்பைரா என்ற இத்தாலிய வழக்கறிஞரின் கதை கையில் கிடைத்தது. 1548இல் சீர்திருத்த விசுவாசத்தை மறுதலித்துவிட்டு, மன்னிப்பு இல்லை என்ற அவநம்பிக்கையிலேயே செத்தவர். அந்தக் காலத்தில் பக்திப் புத்தகமாகவே இதை விற்றார்கள். பிறரை எச்சரிப்பதற்காக எழுதியது, நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. பன்யனுக்கு அது பச்சைப் புண்ணில் தேய்த்த உப்பு. இந்த வார்த்தை அவருடையதேதான்.

அப்போது ஆள் துணை இல்லாமலும் இல்லை. அனுபவம் முதிர்ந்த ஒரு விசுவாசியிடம் போய், நான் பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டேன் என்று பயப்படுகிறேன் என்றார். பெரியவரும், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்! ஆகவே மனிதர்களைக் கேட்டுவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினார் என்று மேலே நான் சொன்னதை அப்படியே சூத்திரமாக எடுத்துக்கொள்ள முடியாது. பெட்ஃபோர்டு வாசலில் இருந்த பெண்கள் தங்கள் சொந்தக் கதையைப் பேசினார்கள், இந்தப் பெரியவர் தீர்ப்புச் சொன்னார். இருட்டிலிருந்து பன்யனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்தவை வசனங்கள்தான். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற 2 கொரிந்தியர் 12:9 முதலில் பாதியாகவும் வாரக்கணக்கில் கழித்து முழுதாகவும் வந்து உள்ளத்தில் விழுந்ததை விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இத்தனை பக்கங்களிலும் மனைவி எங்கே? மூத்த மகள் மேரி 1650இல் பிறந்தாள், பார்வை இல்லாத குழந்தை. அடுத்தடுத்து இன்னும் மூன்று பிள்ளைகள். ராத்திரியெல்லாம் புலம்பும் கணவரை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்பதற்கு ஒரு வரி இல்லை. ஒரே ஒரு இடத்தில், மாதம் நிறையும் முன் அவருக்குக் கடுமையான வலி வந்தபோது, இந்த வலியை நீக்கினால் உள்ளத்தின் இரகசியத்தையும் நீர் அறிவீர் என்று தெரிந்துகொள்வேன் என மனதுக்குள் ஜெபித்ததையும், வலி உடனே நின்றதையும் சொல்கிறார். அந்தச் சம்பவத்திலும் பேச்சு அவருடைய விசுவாசத்தைப் பற்றித்தான். ஆத்துமாவைப் பற்றி எழுதும் ஆண்கள் பலருக்கும் இந்தக் குறை உண்டு. 1658இல் அந்த மனைவி இறந்துபோனார்.

சிறைக்கு வெளியே

1659இல் எலிசபெத் என்பவரை பன்யன் மணந்தார். 1660 நவம்பர் 12 அன்று, அனுமதியில்லாமல் கூட்டம் நடத்திப் பிரசங்கித்ததற்காகக் கைது. எலிசபெத் அப்போது கர்ப்பிணி. செய்தி கேட்ட அதிர்ச்சியில் பிரசவ வலி கண்டு, எட்டு நாள் அவதிப்பட்டு, குழந்தை இறந்தது.

1661 ஆகஸ்டில் கணவரை விடுவிக்கக் கேட்டு எலிசபெத் பெட்ஃபோர்டில் நீதிபதிகள் முன் போய் நின்றார். நான்கு சின்னப் பிள்ளைகள், ஒருத்திக்குப் பார்வை இல்லை, நல்ல மனிதர்களின் உதவியில்தான் சாப்பிடுகிறோம் என்றார். நான் அவர்களுக்கு மாற்றாந்தாய், கல்யாணமாகி முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகவில்லை என்றார். நீதிபதி மேத்யூ ஹேல் இரங்கினார், மற்றவர்கள் எரிந்து விழுந்தார்கள். பிரசங்கிப்பதை விட்டுவிடுவாரா என்று கேட்டதற்கு, பேச முடிகிற வரைக்கும் விடத் துணியமாட்டார் என்று பதில் சொன்னார். அழுதுகொண்டே வெளியே வந்தபோது, அவர்கள் கடினமாக நடந்துகொண்டதற்காக அழவில்லை, கர்த்தர் வரும் நாளில் இவர்கள் என்ன கணக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்து அழுதேன் என்றார். எலிசபெத் என்ன வாசித்தார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பதில்கள் மட்டும் இருக்கின்றன.

சிறைவாசம் 1672 வரை நீண்டது. வேதாகமமும், ஜான் ஃபாக்ஸ் எழுதிய இரத்தசாட்சிகளின் வரலாறும் பன்யனோடு இருந்தன. குடும்பத்துக்காக, நுனியில் உலோகமுனை வைத்த நாடாக்களை ஆயிரக்கணக்கில் செய்து விற்கக் கொடுத்தார். மனைவி பிள்ளைகளைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போல என்று எழுதினார். எல்லோரையும்விட அந்தப் பார்வையில்லாத பிள்ளைதான் நெஞ்சுக்கு நெருக்கம். அவள் பிச்சையெடுப்பாளோ, அடிபடுவாளோ, அவள்மேல் காற்றுப் படுவதைக்கூட என்னால் தாங்க முடியாதே என்று.

அங்கிருந்தே 1663இல் குடும்ப வாழ்க்கையைப் பற்றி ஒரு சின்ன நூல் எழுதினார். குடும்பத் தலைவன், கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், வேலைக்காரர், அயலார் என்று எல்லோருக்கும் அதில் புத்தி சொல்கிறார். கணவன் மனைவி பற்றிய பகுதி அந்தக் காலத்து ஆண்கள் எழுதியதுதான், இன்றைக்கு அப்படியே கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. பெற்றோருக்கானது வேறு மாதிரி. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எளிதாகப் புரிகிற வார்த்தையில் சொல்லுங்கள், பெரிய பெரிய வார்த்தைகள் அவர்களை மூழ்கடித்துவிடும். கண்டிக்கும்போது கொஞ்சமாகப் பேசுங்கள். பிள்ளையின் தப்பைத்தான் வெறுக்கிறீர்கள், பிள்ளையை அல்ல என்று அதற்குத் தெரியட்டும். எந்தத் தப்புக்காக அடிக்கிறீர்களோ அதை உங்களிடமிருந்தே கற்றுக்கொண்டதா என்று பாருங்கள். சொல்கிறவர் தன் பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் இல்லை என்பதை நினைத்துக்கொண்டு வாசித்தால் பாரம் கூடும்.

காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன்

தமிழில் மோட்சப் பிரயாணம் என்று நாம் அறிந்த கதையின் முதல் பாகம் 1678இல் வந்தது. கையில் புத்தகமும் முதுகில் சுமையுமாக ஒருவன் நிற்பதில் தொடங்குகிறது. வாசிக்கிறான், நடுங்குகிறான், அழுகிறான். வீட்டில் சொல்கிறான், அவர்கள் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். கடைசியில் மனைவியும் பிள்ளைகளும் கூப்பிடக் கூப்பிட, விரலால் காதைப் பொத்திக்கொண்டு, ஜீவன், நித்திய ஜீவன் என்று கத்தியபடி ஓடுகிறான்.

திருநெல்வேலிச் சீமையில் 1827இல் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இந்தக் கதையைத்தான் இரட்சணிய யாத்திரிகம் என்று கம்பன் நடையில் காவியமாக்கி 1894இல் வெளியிட்டார். வைணவக் குடும்பத்தில் பிறந்து வேறு வழி எடுத்த ஒருவருக்கு, வீட்டைவிட்டு ஓடும் அந்த மனிதன் வெறும் உருவகமாக இருந்திருக்க மாட்டான். புதிதாக விசுவாசத்துக்கு வந்து, வீட்டில் எதிர்ப்பைச் சந்திப்பவர்களுக்கு முதல் பாகம் இன்றும் பெரிய தேறுதல். குடும்பமாக விசுவாசத்தில் இருப்பவர்கள் வாசித்தால் அந்த ஆரம்பம் உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும்.

ஆறு வருஷம் கழித்து, 1684இல், பன்யன் இரண்டாம் பாகத்தை எழுதினார். இதில் புறப்படுவது விட்டுவிட்டுப் போன மனைவி கிறிஸ்தியானாளும் நான்கு பையன்களும். பன்யன் சிறைக்குப் போனபோது அவர் வீட்டிலும் நான்கு பிள்ளைகள்தான். பக்கத்து வீட்டு இளம்பெண் ஒருத்தியும் கூடச் சேர்ந்துகொள்கிறாள். முதல் பாகத்தில் பெரும்பாலும் தனியாகவோ ஒரு தோழனோடோ நடந்த வழியில் இப்போது கூட்டமாகப் போகிறார்கள். கூடவே வழித்துணையாக ஒரு வீரன். நொண்டி நடப்பவர், மனபலம் இல்லாதவர், எதற்கும் பயப்படுகிறவர் எல்லோரும் வழியில் சேருகிறார்கள். நான் வேகமாக நடக்க மாட்டேனே என்று தயங்குபவருக்காக மற்றவர்கள் நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள். கடைசிப் பையனில் தொடங்கி ஒவ்வொருவரிடமும் வயதுக்கேற்ற வேதபாடக் கேள்வி கேட்கிறாள் ஒருத்தி. மூத்தவன் பிசாசின் தோட்டத்துப் பழத்தைத் தின்றுவிட்டு வயிற்றுவலியில் துடிக்கிறான், வைத்தியர் வந்து மருந்து கொடுக்கிறார். முதல் பாகத்தில் கதாநாயகனைச் சிறை வைத்து அடித்த அவநம்பிக்கை என்ற இராட்சதனை இதில் கொன்று, கோட்டையை இடித்துப்போடுகிறார்கள். அன்றைக்குக் கிறிஸ்தியானாள் வாத்தியம் வாசிக்க, நொண்டி மனிதர் ஒரு கையில் ஊன்றுகோலோடு நடனம் ஆடுகிறார்.

இராட்சதனும் கோட்டையும் எங்கிருந்து வந்தன என்றால், வாலிபத்தில் பன்யன் விரும்பி வாசித்ததாகச் சொல்லப்படும் நாலணா வீரக்கதைகளிலிருந்துதான். வேதாகமத்தைவிட அவையே பிடிக்கும் என்று சொல்லும் ஒரு ஆத்துமாவை, 1658இல் வெளியான தன் நூல் ஒன்றில் கடுமையாகக் காட்டியவரும் அவரே. பிள்ளைகள் கதைப்புத்தகம் வாசிப்பதைப் பார்த்து முகம் சுளிக்கும் பெற்றோருக்கு இதை எடுத்துக் காட்டுவது உண்டு. டென்ட்டின் நான்கு பேர் உரையாடலும் வீணாகவில்லை. 1680இல் கெட்ட மனிதன் ஒருவனின் வாழ்வையும் சாவையும் இரண்டு பேர் பேசிக்கொள்வதாகவே பன்யன் ஒரு புத்தகம் எழுதினார். வாசித்து ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்து.

வீட்டில் சேர்ந்து வாசிக்க எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு இரண்டாம் பாகத்தையே சொல்வேன், அதுவும் வயிற்றுவலிப் பகுதியிலிருந்து. பத்து வயதுப் பிள்ளை சிரிக்கும், பெரியவர்கள் எந்தப் பழம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஸ்பைரா கதை மாதிரியான எச்சரிப்புப் புத்தகங்களை, ஏற்கெனவே தன்னைக் குற்றப்படுத்திக்கொண்டிருப்பவர் கையில் கொடுக்க வேண்டாம். ராத்திரி தூக்கமில்லாமல் அழுகிறவருக்குப் புத்தகம் கொடுத்துவிட்டு வருவதற்கு முன், அரைமணி நேரம் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, எந்தப் புத்தகம் என்று அப்புறம் முடிவு செய்யலாம்.